வலது கை தெரிந்தவர்களுக்கு

அட்வேர்ப் என்றால் என்னவென்று எனக்கு ஒழுங்காகத் தெரியாது. தரம் ஆறுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எனக்கு நியமனம் தந்தது வரலாற்றுப் பாடத்துக்கு. நுரைச்சோலைக்கு அப்பால் கடலோரப் பள்ளிக்கூடம். இருந்த ஆங்கில ஆசிரியர் மாற்றலாகிப் போனார், பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீங்க எடுங்க டீச்சர்" என்றார் அதிபர். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடமாயிற்று. நவுன், வேர்ப், முற்றுப்புள்ளி வரை சமாளித்தேன். கமாவை எங்கே போடுவது என்று யாராவது கேட்டால், மணி அடிக்காதா என்று வாசலைப் பார்ப்பேன். பஸ்ஸில் கைட் புத்தகத்தைப் படித்துவிட்டு, இறங்குமுன் பைக்குள் ஒளித்துவிடுவேன்.

அப்போதுதான் வகுப்பைப் பார்க்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு ஸேர் வருவதாகத் தகவல் வந்தது. அவர் எழுதுவதை வைத்துத்தான் என்னை வேலையில் நிரந்தரமாக்குவார்கள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ராத்தா என்று நான் கூப்பிடும் மூத்த ஆசிரியைதான் வழி சொன்னார். "என்னத்துக்கு இப்பிடிப் பயப்படுறீங்க? எல்லாரையும் கை தூக்கச் சொல்லுங்க. தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. வலது கையைப் பாத்துக் கேளுங்க, அவ்வளவுதான்."

பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. இரண்டு நாள் பழக்கினேன். ஒரு பிழையும் வரவில்லை.

ஸேர் வந்தார். தாடி நரைத்த பெரிய மனிதர். ஸலாம் சொல்லிவிட்டுக் கடைசிக் கதிரையில் உட்கார்ந்தார். அன்றைய பாடத்தின்படி கரும்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதி, அட்வேர்ப் எது என்று கேட்டேன். யா அல்லாஹ்! முப்பது பிள்ளைகளும் வலது கையைத் தூக்கினார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு முன்வாங்கில் இருந்த பிள்ளையை எழுப்பினேன். "தெரியாது டீச்சர்" என்றாள்.

"தெரியாட்டி என்னத்துக்கு மகள் கை தூக்கின?" என்று ஸேர் கேட்டார்.

"தெரியாதவங்க இடது கையத்தான் தூக்கணும் ஸேர். வெளியில இருந்து வாற பெரியாக்களுக்கு முன்னால இடது கைய நீட்டக் கூடாதெண்டு உம்மா சொல்லீக்கிறாங்க."

சோற்றுக்கும் ஸலாத்துக்கும் வலது கையென்று வளர்ந்த பிள்ளைகள். அதே வீட்டுப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

ஸேர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரியாத் தெரியாது ஸேர்" என்றுதான் வந்தது.

அவர் திட்டவில்லை. விறாந்தைக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "உங்கட நிரந்தர நியமனத்துக்கு நான் குறுக்க நிக்க மாட்டன். வரலாறு நல்லா எடுக்கிறீங்களாம், அத எழுதுறன். ஆனா இனி இங்கிலீஷ் எடுக்க வேணாம்."

ஓம் ஸேர், ஓம் ஸேர் என்று தலையாட்டினேன். வேலை தப்பியது என்ற சந்தோசத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சிரித்தபடிதான் வகுப்புக்குத் திரும்பி, நாளையிலிருந்து நான் ஆங்கிலத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப எங்களுக்கு ஆர் டீச்சர் வருவாங்க?"