உமர் பாரூக் குதிரையை விட்டு இறங்காத நாள்

மேலப்பாளையத்தில் உமர் பாரூக் என்று கேட்டால் பத்துப் பேரைக் கைகாட்டுவார்கள். 'அரபு நாட்டில் குதிரை ஓட்டினவர்' என்று கேட்டால் நேராக அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். அந்தப் பெயரைச் சம்பாதித்தது அவரேதான், ஒரே ஒரு பொய்யால்.

ஷார்ஜாவுக்குப் போன முதல் மாதம், மனைவி நஃபீஸத் போனில், "அங்கன என்ன வேலை பாக்கிய?" என்று கேட்டாள். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. லாயத்தில் லத்தி அள்ளுகிறேன், குதிரைக்குக் குளம்பு கழுவுகிறேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "குதிரை ஓட்டுதேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அந்தப் பொய்க்குக் கைகால் முளைத்துவிட்டது. முதல் இரண்டு வருஷம் நஃபீஸத் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் தெருவே சொல்லிக்கொண்டது.

பதினேழு வருஷம் அங்கே இருந்தார். ஒருநாள்கூட குதிரையின் முதுகில் உட்கார்ந்ததில்லை. ஓட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். பளபளக்கும் பூட்ஸோடு வருவார்கள், ஏறுவார்கள், ஒரு சுற்று போய்வந்து இறங்குவார்கள். அவர்கள் இறங்கியதும் கடிவாளத்தைக் கையில் வாங்கிக்கொள்வது உமருடைய வேலை. பிறகு குளிப்பாட்டுவது, தேய்ப்பது, மண்டிபோட்டு ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பைச் சுரண்டுவது. குதிரை நின்றால், நொண்டினால், தும்மினால்கூட உமர் ஓடவேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். நஃபீஸத் தையல்காரி. அவர் கொண்டுவரும் காக்கி பேண்ட்களுக்கெல்லாம் முட்டியில் ஒட்டுப் போட்டுத் திருப்பி அனுப்புவாள்.

ஒரேயடியாக ஊர் திரும்பியபோது வயது நாற்பத்தொன்பது. வண்ணார்பேட்டையில் குளியலறைச் சாமான் விற்கும் கடையில் வேலை கிடைத்தது. காலை முதல் இரவு வரை வாஷ்பேசினுக்கும் குழாய்க்கும் நடுவில் நின்றார். வீட்டுக்கு வந்தால் பேச்சில்லை. டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. இப்படி ஒரு வருஷம் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை நஃபீஸத் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். பாளையங்கோட்டைக்கு வெளியே ஆற்றுப் பக்கமாக ஒரு குதிரையேற்றப் பயிற்சி மைதானம், சனி ஞாயிறு மட்டும்.

"போயிட்டு வாங்க. நீங்கதான் நல்லா ஓட்டுவியள்லா" என்றாள்.

உமர் நோட்டீஸை மடித்து ஓரமாக வைத்தார். "இந்த வயசுலயா?" என்று நழுவப் பார்த்தார்.

"பேரு குடுத்தாச்சு. சனிக்கெழமை காலையில ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்காவ."

சொல்லிவிட்டுத் தையல் மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். அவள் மிஷினை மிதிக்கும்போது யாரும் மறுத்துப் பேச முடியாது, சத்தத்தில் காதில் விழாது.

பயிற்சி கொடுக்கிறவள் கலையரசி. இருபத்தெட்டு வயது. வார நாட்களில் கால்நடை மருத்துவர், மாட்டுக்கு ஊசி போடுகிறவள். கல்லூரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்ததால் வந்த பைத்தியம் சனி ஞாயிறில் இங்கே தீர்கிறது. அவள் முதல் கேள்வியே அதுதான்.

"முன்ன ஓட்டியிருக்கியளா பாய்?"

"பதினேழு வருஷம் குதிரையோடவே இருந்தேம்மா."

"அதக் கேக்கல. ஓட்டியிருக்கியளா?"

உமர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "வீட்டுக்குத் தெரியவேண்டாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். கலையரசி சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணுக்கு அவர் கடைசிவரை நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்.

அவருக்குக் கிடைத்த குதிரை மல்லிகா. வெள்ளைக் குதிரை, ரொம்பச் சாது. பன்னிரண்டு வருஷம் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைகளைச் சுமந்தவள். ஊர்வலத்துக்கு அலங்காரக் கார்கள் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. அவளை வைத்திருந்த சுடலையாண்டி அண்ணாச்சி அவளையும் கூட்டிக்கொண்டு இந்த மைதானத்திலேயே லாயப் பொறுப்புக்கு வந்துவிட்டார்.

முதல் மாதம் உமர் செய்த கூத்தைச் சொன்னால் இன்றைக்கும் அங்கே சிரிப்பார்கள். ஏறுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் மல்லிகாவைத் தேய்ப்பார். மற்றவர்கள் இரண்டு சுற்று போய்வந்திருப்பார்கள், இவர் இன்னும் பிடரி மயிரைச் சீவிக்கொண்டிருப்பார். ஒருவழியாக ஏற்றிவிட்டால், மல்லிகா கொஞ்சம் நிதானித்தால் போதும், தொப்பென்று கீழே குதித்து மண்டிபோட்டு அவள் காலைத் தூக்கிப் பார்ப்பார்.

"பாய், எறங்காதீங்க!" என்று கலையரசி மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்துவாள்.

"கல்லு கில்லு குத்தியிருக்கும்மா..."

"அதப் பாக்க அண்ணாச்சி இருக்காவ. நீங்க மேல இருங்க!"

மேலே இருப்பது அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. விழுந்ததுகூட இரண்டு தடவைதான், தானாக இறங்கியது நாற்பது தடவை இருக்கும். ஆனாலும் விடவில்லை. இரண்டாம் மாதம் நடை போய்த் துள்ளோட்டம் வந்தது, இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. நாலாம் மாதம் பாய்ச்சல். அன்றைக்குக் காற்று காதில் அடித்தபோது அவர் வாய்விட்டு 'அல்ஹம்துலில்லாஹ்' என்றார். ஏழாம் மாதம் தரையில் கிடந்த கம்பைத் தாண்டினார்கள், பிறகு முட்டி உயரக் கம்பு. வாரம் முழுக்கக் குழாய் விற்றுக்கொண்டே மனசுக்குள் கம்பைத் தாண்டிக்கொண்டிருந்தார். வீட்டில் கேட்டால், "பழைய ஞாபகமெல்லாம் வந்துட்டு" என்பார். நஃபீஸத் 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டு சுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பாள், இடுப்புக்குத் தைலமும் தேய்ப்பாள்.

மல்லிகாவிடம் ஒரே ஒரு குறை. ஓடிக்கொண்டே இருப்பாள், திடீரென்று சிலை மாதிரி நின்றுவிடுவாள். இரண்டு மாதம் காரணம் பிடிபடவில்லை. ஒருநாள் சுடலையாண்டி அண்ணாச்சிதான் தலையில் அடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

"எல்லாம் எங் கோளாறுதான் வே. ஊர்வலத்துல போட்டோக்காரன் கேமராவத் தூக்குனா இவ நிக்கணும், கழுத்த நிமித்தணும். நின்னா ஒரு துண்டு கருப்பட்டி குடுப்பேன். இப்பம் எவன் செல்லத் தூக்குனாலும் நிக்கா."

அன்றிலிருந்து பயிற்சி நேரத்தில் மைதானத்தில் செல்போனுக்குத் தடை.

அடுத்த பிப்ரவரியில் புதியவர்களுக்கான போட்டி வைத்தார்கள். மதுரை, நாகர்கோவில், கோவில்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள். வக்கீல், வங்கி மேலாளர், கல்லூரி மாணவிகள், எல்லாரும் சனி ஞாயிறு குதிரைக்காரர்கள்தான். எட்டுக் கம்புகள், முட்டி உயரம். குதிரை மூன்று முறை நின்றுவிட்டால் மணி அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். ஓட்டுகிறவர் பாதியில் இறங்கினாலும் வெளியேதான்.

உமருக்குப் பரிசு ஆசை இல்லை. எட்டுக் கம்பையும் தாண்டி, குதிரைமேல் இருந்தபடியே நஃபீஸத் கண்ணில் படவேண்டும். அப்புறம் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். ஓட்டத் தெரிந்தவனாக நின்று, ஓட்டாத கதையைச் சொல்லவேண்டும் என்பது அவர் கணக்கு. ஆனால் கூப்பிட்டபோது, "கல்யாணத் துணி தலைக்குமேல கெடக்கு, எங்க வர?" என்று அவள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். பாவம், மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று.

போட்டி அன்று காலை சுடலையாண்டி அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, "மல்லிகா ஓடுத நேரத்துல மட்டும் செல்லப் பையில போட்டுருங்க அண்ணாச்சிமாரே, அக்காமாரே" என்று மூன்று தடவை கெஞ்சினார். சிரித்துக்கொண்டே எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

பிஸ்மில்லாஹ் சொல்லி உமர் உள்ளே போனார். முதல் கம்பு, இரண்டாவது கம்பு, பூவாகத் தாண்டினாள் மல்லிகா. மூன்றாவதுக்குத் திரும்பும் மூலையில் அப்படியே நின்றாள். கழுத்தை நிமிர்த்தி, காதை முன்னால் வைத்து, மாப்பிள்ளை ஊர்வலத்து நிற்பு. உமர் நிமிர்ந்து பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செல்போன், அதற்குப் பின்னால் நஃபீஸத். பக்கத்தில் பாத்து என்று கூப்பிடும் அவர் தங்கை. துணியையெல்லாம் போட்டுவிட்டு மைனியும் நாத்தியுமாக இரண்டு பஸ் மாறி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். மைக்கில் சொன்னது இருவர் காதிலும் விழவில்லை.

அவள் வந்துவிட்டாள் என்ற சந்தோஷமும் வந்த கையோடு இப்படிச் செய்கிறாளே என்ற கோபமும் ஒரே நேரத்தில் அவருக்கு வந்தன. காலை அழுத்தி மல்லிகாவைக் கிளப்பினார். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதுக்குப் போக அதே மூலையைத் தாண்டவேண்டும். அங்கே வந்ததும் மறுபடி நின்றாள். இரண்டு முறை ஆயிற்று. இன்னும் ஒருமுறை நின்றால் மணி.

இங்கேதான் பதினேழு வருஷப் பழக்கம் அவர் காலைப் பிடித்து இழுத்தது. குதிரை நின்றால் இறங்கு, மண்டிபோடு, குளம்பைப் பார். அவர் நினைக்காமலே வலது கால் அங்கவடி வளையத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது.

"பாய், எறங்காதீங்க!" கலையரசியின் குரல் கேட்டது.

வேலி ஓரத்தில் நஃபீஸத் செல்போனைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினாள். மல்லிகாவின் தலையும் வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் நகர்த்தினாள், தலையும் கூடவே வந்தது. அவள் தையல்காரி, நூல் அளவு விலகினாலும் கண்டுபிடிக்கிறவள், சங்கதி விளங்கிவிட்டது. சட்டென்று செல்லைப் பையில் திணித்தாள், பாத்துவுடையதையும் பிடுங்கித் திணித்தாள். பின்னால் அப்போதுதான் வந்து செல்லும் கையுமாக நின்ற இளவட்டங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏலே, செல்ல உள்ள வைங்கலே! எங்க மாப்ள குதிரை ஓட்டுதாவ!"

மைதானம் முழுக்கக் கேட்டது. புருஷனை மாப்ள என்று சொல்லித் தெருவெல்லாம் அவள் பரப்பிய அதே வார்த்தைதான். உமருக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்த காலை அங்கவடிக்குள் திரும்ப வைத்தார். மல்லிகாவின் கழுத்தைத் தட்டி, "பைய வா தாயி" என்றார்.

ஆறு, ஏழு தாண்டியாயிற்று. எட்டாவதில் பின்னங்கால் பட்டுக் கம்பு விழுந்தது, போகட்டும். பதினொரு பேரில் ஒன்பதாவது. ஓட்டம் முடிந்த மணி அடித்ததும் வேலி நெடுக எல்லாரும் செல்லைத் தூக்கினார்கள். மல்லிகா தானாக நின்று கழுத்தை நிமிர்த்தினாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த கருப்பட்டி ஒரு வட்டு முழுசாக, சுடலையாண்டி அண்ணாச்சி கையால்.

சாயங்காலம் வீட்டில், சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று உமர் தொண்டையைக் கனைத்தார். நஃபீஸத் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அவருடைய பேண்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நஃபீஸத், ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அங்கன நான்..."

"பதினேழு வருஷமா முட்டியிலதான் ஒட்டுப் போட்டேன்" என்றாள் அவள், தலை நிமிராமல். "தொடைப்பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். குதிரையில உக்காந்தவன் துணி எங்கன தேயும், மண்டிபோட்டவன் துணி எங்கன தேயும்னு தையக்காரிக்குத் தெரியாதா?"

உமர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எப்பம் தெரியும்?"

"மொத லீவுலயே."

"பின்ன ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீங்க போன்ல பேசுதத கொறச்சுருவிய. குதிரையப் பத்திப் பேசையிலதான் ஒங்க கொரலு நல்லா இருக்கும். அது போதும்னு விட்டுட்டேன்."

இப்படி ஒருத்தியைக் கொடுத்ததற்கு அல்லாஹ்வுக்குத்தான் முதலில் நன்றி சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டார். நஃபீஸத் பேண்டை அவர் பக்கம் நீட்டித் தொடையின் உள்பக்கத்தைக் காட்டினாள். துணி நைந்து, வெளிச்சம் தெரிந்தது.

"இப்பம் இங்கன தேஞ்சிருக்கு" என்றாள். "ஊசியில நூல் கோத்துத் தாங்க, எனக்குக் கண்ணு தெரியல. சனிக்கெழமைக்கு வேணும்லா?"

உமர் ஊசியை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். அவருக்கும் கண் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவைதான் நூல் கோக்க முடிந்தது.