கதாநாயகி நொண்டமாட்டாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் அக்காவுக்கு வரவே வராது. யார் என்ன சொன்னாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவள் போன பிறகு அவள் பங்குக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா பல்கலைக்கழகத்தில் அனிமேஷன் துறையின் உதவியாளர். உதவியாளர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அறைகளைத் திறப்பாள், கம்ப்யூட்டர்களுக்கு உறை போடுவாள், ஏசி ஒழுகினால் கீழே வாளி வைப்பாள். சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்ததில் இடுப்பெலும்பு கோணலாகக் கூடிவிட்டது. நடக்கும்போது உடம்பு இடது பக்கம் இறங்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு ஏறும். யாராவது போனைத் தூக்கிப் படம் எடுத்தால் போதும், அப்படியே உட்கார்ந்துவிடுவாள். என் கல்யாணத்தில் கேமராக்காரன் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்துதான் மேடை ஏறினாள். எங்களிடம் இருக்கிற அத்தனை வீடியோவிலும் அவள் உட்கார்ந்திருக்கிறாள், இல்லாவிட்டால் சுவரில் சாய்ந்து நிற்கிறாள்.

அப்பேர்ப்பட்டவளை அந்தப் பிள்ளைகள் நடக்க வைத்துவிட்டார்கள்.

துறையில் ஜன்னலே இல்லாத ஒரு பெரிய அறை உண்டு. கறுப்புத் தரை, மேலே சுற்றிலும் கேமராக்கள். உடம்பைப் பிடிக்கும் ஒரு கறுப்பு உடையை மாட்டி, அங்கங்கே சாம்பல் நிற உருண்டைகளை ஒட்டிக்கொண்டு நடந்தால், திரையில் ஆள் தெரியாது. உருண்டைகள் மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக நடக்கும். அந்த நடையைப் பிள்ளைகள் தங்கள் படத்தில் வரும் பொம்மைக்குக் கொடுப்பார்கள். ஒருநாள், நடக்க வரவேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அடிபட்ட சிப்பாய்க்கு நடை கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த மாணவன், சாவிக்கொத்தோடு கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்திருக்கிறான்.

"அந்த டிரெஸ்ஸ மாட்டிக்கிட்டு எல்லார் முன்னாடியும் நடந்தியா? வெக்கமா இல்ல?" என்று நான் கத்தினேன்.

"முகமாடி தெரியுது? வெறும் புள்ளிதானே. புள்ளி நொண்டினா யாரு சிரிக்கப்போறா?" என்றாள்.

அதற்கப்புறம் அவள் கரடியாக நடந்தாள், கிழவியாக நடந்தாள், பேயாகக்கூட நடந்தாள். 'பொம்மைக்கு எடையே இல்ல, மிதக்குது' என்று வாத்தியார் திட்டினால், பிள்ளைகள் நேரே அக்காவைத் தேடி வருவார்கள். கேமராக்கள் அளவெடுக்க, முதலில் இரண்டு கையையும் விரித்து ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டுமாம். வீட்டில் துணி மடிக்கும்போதுகூட அப்படி நின்று காட்டுவாள். "ஆமா, பெரிய நடிகை" என்று நொடிப்பேன். உள்ளுக்குள் பொறாமைதான், வேறென்ன?

கடைசி வருடம் படிக்கிற ஒரு மாணவி இருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்தவள். அக்கா அவளை 'ஒட்டடைக்குச்சி' என்றுதான் கூப்பிடுவாள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "அக்கா, இந்தத் தடவ கரடியெல்லாம் இல்ல. நீங்கதான் ஹீரோயின்" என்றிருக்கிறாள்.

"நொண்டிக்கிட்டா? விளங்கிடும் போ" என்று அக்கா சிரித்திருக்கிறாள். சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுதான். அந்தப் பெண் அதை அப்படியே மனதில் முடிந்துவைத்துக்கொண்டது.

அவள் படத்துக்கு நடையைப் பதிவு செய்த கொஞ்ச நாளில் அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. அது சாதாரண வலி இல்லை என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. ஐயோ, அந்த நாட்களை எழுத என்னால் ஆகாது.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பஸ் டிரைவர். அவர்கள் கல்யாணமே பஸ்ஸால் நடந்தது. அக்காவால் ஓடிவந்து பஸ் பிடிக்க முடியாது. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் இறங்கி ஏறி வருவதைப் பார்த்து, கண்டக்டர் எத்தனை விசில் அடித்தாலும் மாமா வண்டியை எடுக்கமாட்டாராம். பயணிகள் திட்டுவார்களாம். இவர் காது கேளாதவர் மாதிரி உட்கார்ந்திருப்பாராம். அவள் போன பிறகு வீட்டில், அவள் உட்கார்ந்தே இருக்கிற அந்த வீடியோக்களையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகம் இருக்கு, குரல் இருக்கு. நடைதான் இல்ல. ஒரே ஒரு தடவ அவ நடந்து வர்றத பாத்துட்டா போதும்" என்றார் ஒருநாள். மனிதர் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒட்டடைக்குச்சி போன் செய்தாள். "ஆன்ட்டி, படம் முடிஞ்சிடுச்சு. அக்கா நடை அதுல இருக்கு. அங்கிள கூட்டிட்டு வாங்க" என்றாள். மாமா அன்றைக்கே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார்.

பல்கலைக்கழக அரங்கில் மாணவர்களின் படங்களை வரிசையாகப் போட்டார்கள். அவள் படம் வந்ததும் மாமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஒரு நீளமான பாலம். தூரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நேராக வந்தாள். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கடை ஜன்னலில் நிறுத்திய பொம்மைக்குக் கால் முளைத்த மாதிரி வந்தாள்.

"யாரு இது?" என்று மாமா என் காதில் கேட்டார். அவர் மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

படம் முடிந்ததும் அந்தப் பெண் ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"காலு என்னாச்சு?" என்றேன்.

"சரி பண்ணிட்டேன் ஆன்ட்டி! ஒவ்வொரு ஃப்ரேமா உக்காந்து இடுப்ப நேராக்கினேன். கண்ணு ரெண்டும் போயிடுச்சு. அக்காதான் கேட்டாங்களே, நொண்டிக்கிட்டான்னு. அக்காவ ஒருத்தரும் நொண்டின்னு சொல்லக்கூடாதுன்னுதான்…"

"நேராக்கறதுக்கு முன்னாடி எடுத்தது எங்க?"

"அதுமேலயேதான் சேவ் பண்ணினேன்." அவள் சிரிப்பு தேய்ந்தது. "பழைய பசங்க எடுத்ததும் இல்ல ஆன்ட்டி. இடம் பத்தலன்னு வருஷா வருஷம் எல்லாத்தையும் காலி பண்ணிடுவாங்க. ஏன் ஆன்ட்டி?"

"ஏன்னா கேக்கற? அவ நடையத்தானேடி பாக்க வந்தோம்! உன்ன யாருடி…"

"விடு. பாசத்துல பண்ணிடுச்சு" என்று மாமா என் கையைப் பிடித்து அழுத்தினார். விஷயம் புரிந்ததும் அந்தப் பெண்ணின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. தேம்பித் தேம்பி அழுதாள்.

"எப்படி இறங்கும்னு சொல்லுங்க அங்கிள், நான் திரும்பப் போடறேன்" என்று எங்களை அந்த ஜன்னல் இல்லாத அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாமா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிப் பார்த்தார். சரிப்படவில்லை. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே நடக்கத் தயாரானார். கறுப்பு உடை அவர் தொப்பையைத் தாண்டவில்லை. இஸ்திரி போட்ட சட்டையின் மேலேயே டேப்பால் உருண்டைகளை ஒட்டினாள். பஸ் ஓட்டுகிற கை இரண்டையும் விரித்துக்கொண்டு அவர் நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிறகு நடந்தார்.

இடது பக்கம் இறங்கினார். கொஞ்சம் யோசித்தார். ஏறினார். நான் திரையைப் பார்த்தேன். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள். தொப்பை இல்லை, சட்டை இல்லை, மாமா இல்லை. என் அக்கா நடந்து வந்தாள்.

"மாமா! அக்கா மாமா!" என்று கத்தினேன்.

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். பார்க்க நின்றதும் புள்ளிகளும் நின்றுவிட்டன. நடந்தால் பார்க்க முடியவில்லை, பார்த்தால் நடக்க முடியவில்லை. அந்தப் பெண் பதிவானதைத் திரும்ப ஓடவிட்டாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தார்.

"உனக்கு அவ தெரியறாளா?" என்றார்.

"அச்சு அசல் அவதான் மாமா."

"எனக்கு நான்தான் தெரியறேன்."

"சேவ் பண்ணட்டுமா அங்கிள்?" என்றாள் அந்தப் பெண்.

"வேணாம்மா, அழிச்சிடு. பஸ் கண்ணாடில அவ வர்றது எனக்கு இன்னும் தெரியுது. இத நாலு தடவ பாத்தேன்னா, அப்புறம் அங்கயும் நான்தான் நடந்து வருவேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்கு வேணும், எனக்குக் கொடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. யாரையும் விட்டுவைக்காத என் வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. மனிதர் அக்காவுக்குப் புருஷன். அவர் வேண்டாம் என்ற பிறகு நான் என்ன சொல்வது? அந்தப் பெண் அழித்தாள். மாமா சட்டையிலிருந்து உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து மேஜையில் வைத்தார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். மாமாவுக்கு அந்தக் கண்ணாடி இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நான் அவள் இடது பக்கத்தில்தான் நடந்தேன். அவள் நடந்து வருவதை எதிரே நின்று நான் பார்த்தது அன்றைக்கு அந்தத் திரையில் மட்டும்தான். மற்றபடி எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் என் தோளில் வந்து இடிப்பதுதான்.

மாமா பக்கத்தில் நேராக நடந்து வந்தார். நிறுத்தம்வரை என் தோளில் எதுவும் இடிக்கவில்லை.