சின்னப்பனின் கீழ்க்குரல்

செங்கல்பட்டு ரயிலடியில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்த சின்னப்பன், மாதா கோயில் ஞாயிறு பூசையில் தனியாக நின்று பாடுவார். கேட்பவர்களுக்கு அது பாட்டாகவே தெரியாது. நாலு வார்த்தை முனகுவார், நிறுத்திச் சுவரைப் பார்ப்பார், மறுபடி அடித்தொண்டையில் இழுப்பார். சனங்களைக் குற்றம் சொல்ல முடியாது. நாலு பேர் சேர்ந்து பாட வேண்டியதில் கீழ்க்குரலை மட்டும் கேட்டால் யாருக்குத்தான் புரியும்?

அந்த லத்தீன் பாட்டு, முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரிக் கோயில்களுக்கு இசையமைத்த ஒருவருடையது. ஒரு குரல் தொடங்கும். மற்றவை காத்திருந்து ஒவ்வொன்றாகச் சேரும். பழைய வெள்ளைக்காரச் சாமியார் நாலு பேரைப் பிடித்துப் பழக்கியிருந்தார். ரயில்வே கார்டு ஒருவரும் அவர் தங்கையும் நடுக்குரலில், சின்னப்பன் கீழே, அவர் மனைவி மதலேன் எல்லாருக்கும் மேலே. காதுக்குப் பிடிபடும் ராகம் அவளிடம்தான் இருந்தது. சாமியார் சீமைக்குத் திரும்பினார். அண்ணனும் தங்கையும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் மதலேன் டைபாயிடில் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு ராயம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னாண்ணாத்த, தனியாவே முனகிகினுகீற? இன்னொருத்தியக் கட்டிக்கயேன்."

"அந்தப் பாட்டு எழுதுனவருக்கும் இதே கதிதான். கொள்ளைநோயில தம்பி, ரெண்டு புள்ளைங்க, பொண்டாட்டி எல்லாம் போயிட்டாங்கன்னு பழைய சாமி சொல்லுவாரு."

"அப்பால?"

"அப்பால பணக்கார விதவை ஒருத்தியக் கட்டிக்கினாரு."

"அவருக்கே ஆச்சுன்னா உனக்கு இன்னா கேடு?"

சின்னப்பன் சிரித்து மழுப்பினார். அவர் கீழே பாடும்போது மேலே மதலேன் பாடுவது கேட்டது. வெறும் நினைப்பில்லை, காதாரக் கேட்டது. அவள் மூச்சு வாங்கும் இடம்கூட. இதை ராயம்மாவிடம் சொன்னால் பேய் ஓட்டக் கூட்டிப்போவாள். தானே பொங்கித் தானே தின்கிற மனிதருக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் துணை.

ஐம்பத்தேழில் புதுச் சாமியார் வந்தார்.

"பெரிய வெள்ளிக்கு ஆர்மோனியம் கிடையாது. நீங்க பாடுங்க. ஆனா அந்த மேல்குரலைப் பாடுங்க, சனங்க மனசு உருகட்டும்."

"அது அவ பாடறது சாமி."

"உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

தெரியும். சாமியாரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பெரிய வெள்ளியன்று சுருதியைத் தணித்துக்கொண்டு பாடினார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுத ராயம்மா, வெளியே வந்ததும், "இத்தினி நாளா இத ஏண்ணாத்த ஒளிச்சி வெச்சிகினு இருந்த?" என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அவரை இவ்வளவு புகழ்ந்ததில்லை. சந்தோஷமாகத்தான் வீடு வந்தார்.

மறுநாள் காலை அரிசி களைந்துகொண்டே தன் கீழ்க்குரலைத் தொடங்கினார். மேலே ராகம் வந்தது. ஆனால் வந்தது மதலேன் இல்லை. நேற்றுக் கோயிலில் பாடிய அவருடைய கரகரத்த தொண்டை. நிறுத்தி, மறுபடி தொடங்கினார். மறுபடியும் அவரேதான். பயந்துபோனார். ஈரக் கையோடு பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடினார்.

"ராயம்மா, மதலேன் எப்படிப் பாடுவா? உனக்கு நெனப்பு கீதா?"

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

"நேத்து நீ பாடினியே, அப்படியேதாண்ணாத்த."