தூக்கிப் பிடித்தால் வேலை செய்யும் ஃபில்டர்

லண்டனில் எதையும் சின்னதாக்கிவிட்டு அதற்குக் 'கம்பாக்ட்' என்று பெயர் வைத்தால் போதும். இல்ஃபோர்டில், கட்டிலைப் போட்டால் கதவு திறக்காத அறைக்கும் அதே பெயர்தான். நான் வேலை செய்யும் சின்னக் கம்பெனிக்கு மட்டும் அந்த வியாதி வராமல் இருக்குமா?

மைக்ரோவேவ் ஃபில்டரைப் பாதியாக்கச் சொன்னார் மனேஜர். மைக்ரோவேவ் என்றதும் சோறு சூடாக்கும் பெட்டியை நினைக்காதீர்கள்... இது ரேடியோ சிக்னல். தாழ்ந்த அலைவரிசையை உள்ளே விட்டு, உயர்ந்ததை வாசலிலேயே நிறுத்துகிற வேலை. போர்டின் மேல் செம்புக் கோடுகள் – ஓரிடத்தில் மெல்லிசாக, ஓரிடத்தில் அகலமாக. அந்த வடிவம்தான் முழு வேலையையும் செய்கிறது.

சின்னதாக்க நான் ஒரு தந்திரம் செய்தேன். போர்டின் அடியில் இருக்கும் செம்புத் தகட்டில் சில வெட்டுகள் போட்டேன். ஃபில்டர் பாதியானது. மூடியில்லாத என் சாப்பாட்டுப் பெட்டியின் விளிம்பில் போர்டை வைத்து அளந்தேன். கிராஃப் அவ்வளவு அழகு! ஒரு கிழமை முழுவதும் என் கால் தரையில் படவில்லை.

போர்டின் இணைப்புகளை ஈயத்தால் சோல்டர் செய்து, அதை உலோகப் பெட்டிக்குள் ஸ்குரூ போட்டுப் பூட்டுகிறவர் ஜெசிந்தா. மன்னார்க்காரி, வேலையில் சுத்தம்.

"அண்ணை, அடியில வெட்டெல்லாம் கிடக்கு. கீழ இடம் விடோணுமோ?"

"வழமை போல பூட்டும், ஜெசிந்தா." அப்போது நான் டெலிபோனில் யாருக்கோ பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பெட்டியை மூடி அளந்தால்... நிற்க வேண்டிய சிக்னல் எல்லாம் கைவீசிக்கொண்டு உள்ளே போகிறது. வியாழன் காலை கஸ்டமர் வருகிறார். மனேஜர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? எஞ்சினியர்கள் செய்வதைத்தான் செய்தேன். ஏழு பேருக்கு முன்னால், "சோல்டரிங் பிழை" என்றேன்.

ஜெசிந்தா அன்றைய சேர்ச் பாட்டு ஒத்திகையை விட்டுவிட்டு, எல்லா இணைப்புகளையும் திரும்பவும் சோல்டர் செய்தார். பலனில்லை. கடைசியில் ஸ்குரூக்களைக் கழற்றி, போர்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். கிராஃப் சரியானது!

"தூக்கிப் பிடிச்சா வேலை செய்யுது, அண்ணை. விட்டா இல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வெட்டுகளுக்கு அடியில் காற்று இடைவெளி வேண்டும். பெட்டியின் உலோகத் தளம் அவற்றை ஒட்டி மூடிவிட்டது. சாப்பாட்டுப் பெட்டி கொடுத்த காற்றை என் கெட்டித்தனம் என்று நினைத்திருக்கிறேன். வரைபடத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை – எல்லாருக்கும் தெரியும்தானே!

ஜெசிந்தா வேறொரு தடித்த தளத்தில் குழி கடைந்து, போர்டை அதில் பூட்டினார். கஸ்டமருக்குத் திருப்தி. ஃபில்டர் பாதி, பெட்டி மட்டும் முந்தியதைவிட உயரம். யாரும் கேட்கவில்லை. 'கம்பாக்ட்' என்று எழுதி ஒட்டியிருந்ததே.

பிறகு கிச்சனில் தேநீருக்குக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவிட்டு அவர் தனியாக நிற்கும்போது, "அண்டைக்கு நான் சொன்னது பிழை. மனசில வைக்காதையும்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"பிழை எண்டு சொல்லேக்க ஏழு பேர் நிண்டவை. இப்ப கேத்தில் மட்டும்தான் நிக்குது, அண்ணை."

அந்தக் கிழமை நான் செய்தவற்றில் ஆகவும் கம்பாக்டானது அந்த மன்னிப்புத்தான். ஆகவே இங்கே, எல்லாரும் வாசிக்க: பிழை என்னுடையது, ஜெசிந்தா.