என் பயத்தோடு என்னை வளர்த்த அத்தை

சென்ற வியாழக்கிழமை காலை, தஞ்சாவூரில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு மாமா போன் செய்தார். “அத்தை போயிட்டாங்கம்மா. நெஞ்சு வலின்னாங்க, அவ்வளவுதான்.” எனக்கு முதலில் அழுகை வரவில்லை; பயம்தான் வந்தது. இனி அந்த வீட்டுக்குள் எந்த உரிமையில் நுழைவேன்?

குடவாசலில் மாவு மில் நடத்திய கமலவேணி அம்மையார் எனக்கு ரத்த உறவு அல்லர். அம்மா இறந்தபின் அப்பாவின் அடியிலிருந்து நான் மீட்கப்பட்டபோது எனக்கு எட்டு வயது. தத்துக் கொடுக்காமல், ஒரு குடும்பத்தில் வளரவிடும் ஏற்பாட்டில் குழந்தைகள் நலக் குழு என்னை அவரிடமும் மாமாவிடமும் ஒப்படைத்தது. பிள்ளையில்லாத அவர்களை அத்தை, மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள்.

முதல் வாரம், வீட்டையொட்டி இருந்த மில் சத்தத்தோடு ஓடத் தொடங்கினாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வேன். அத்தை என்னை இழுக்கவில்லை. ஆசாரியை வரவழைத்து, என் அறைக் கதவின் உள்பக்கம் எனக்கு எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைக்கச் சொன்னார். “பயம் வந்தா போட்டுக்கோ. நீயா தொறக்கற வரைக்கும் யாரும் தட்ட மாட்டோம்.”

ஆண்டுதோறும் என்னைத் திருவாரூருக்குக் கூட்டிப் போவார். என்னை அவரிடமே விடலாமா என்று குழு முடிவு செய்யும் நாள் அது. ஒருமுறை பஸ்ஸில் அவர் கை ஈரமாக இருந்தது. “உங்களுக்கும் பயமா அத்தை?” என்றேன். “ஆமா. இல்லன்னு உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்” என்றார்.

எனக்குப் பதினொரு வயதில் அப்பா மில் வாசலுக்கே வந்துவிட்டார். குடித்திருந்தார். “எம் பொண்ண அனுப்பு” என்றார். மிளகாய்த்தூள் அப்பிய கைகளோடு அத்தை வாசலை மறித்து நின்றார். “பாக்கணும்னா திருவாரூர் ஆபீஸுக்கு வாங்க. அவங்க முன்னாடி பாருங்க. இங்கேருந்து அனுப்ப மாட்டேன்.” வெகுநேரம் கத்திவிட்டு அப்பா போனார். திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த ஆண்டு முழுவதும் அத்தையே என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போய் அழைத்து வந்தார். ஆனால் அப்பாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. “அவரு உன் அப்பாதான். அத நான் மாத்த முடியாது. அடிக்க மட்டும் விடமாட்டேன்.”

பதினெட்டு முடிந்ததும் ஏற்பாடு முடிவடைந்ததாகக் கடிதம் வந்தது. யாரும் போகச் சொல்லும் முன்பே போய்விட வேண்டுமென்று பையைக் கட்டினேன்.

“எங்கம்மா கெளம்பிட்ட?”

“பதினெட்டு முடிஞ்சிருச்சே அத்தை.”

“அது ஆபீஸுக்கு முடிஞ்சது. சோறு வடிச்சுட்டேன், உக்காரு.”

வியாழன் மதியம் குடவாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் செருப்புகளுக்கு நடுவில் நின்றுவிட்டேன். “இந்தப் பொண்ணு யாரு, என்ன முறை?” என்று ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது காதில் விழுந்தது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். மாமா தலையை நிமிர்த்தி என்னைத் தேடினார். “முதல்ல மக போடட்டும். வழி விடுங்க.”

நான் போட்டதில் நாலு அரிசி அத்தையின் கன்னத்தில் சிந்தியது. அதை விரலால் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

போய் வாருங்கள் அத்தை. மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.