சாபத்தைத் திரும்ப வாங்கப் போனவர்

மருமகள் சோறு போடவில்லை, அதனால்தான் பெரியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்கிறீர்களே, அது எந்த வாய் சொன்ன பேச்சு? தாமரைச்செல்வி போட்ட சோற்றில் கிட்டுசாமியின் பச்சை பெல்ட்டில் ஓட்டை போதாமல் போய், மகன் ஜெயபிரகாஷ் ஆணி வைத்துப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தான். பட்டினி கிடந்த மனிதருக்கு அப்படித்தான் இடுப்பு பெருக்குமா?

அவரை அந்த வீட்டிலிருந்து கிளப்பியது முதல் உலகப் போர். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், கதை எங்கும் ஓடிவிடாது.

எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி ஆண்ட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தது ஒன்று. கிட்டுசாமியின் மனைவி வசந்தாமணி பக்கத்திலிருந்து பார்த்தது வேறு. வசந்தாமணி கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைக்கிறவள். ஜெர்மனி என்பது சத்தியமங்கலம் மலைக்கு அந்தப் பக்கம், மைசூரையும் தாண்டினால் வந்துவிடும் என்று வெகுகாலம் நினைத்திருந்தவள். ஆனாலும் இந்தப் போரில் தனக்கும் பங்குண்டு என்பதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

கிட்டுசாமி தன் அய்யனைப் பார்த்ததே கிடையாது. இவர் வயிற்றில் இருக்கும்போதே அந்த மனிதர் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டப் போனார். போனது ஈராக் பக்கம், பாஸ்ரா. திரும்பி வந்தது ஒரு இங்கிலீஷ் காகிதம். அதைக் கொண்டுவந்த கணக்குப்பிள்ளை, "ஜெர்மனி ராஜாவோடு சண்டை, அதில் உங்கள் ஆள் போய்விட்டார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை.

காகிதம் சாமியறைக்குப் போய்விட்டது. மற்ற நாட்களில் அதைத் தொடக்கூடாது. ஆடி அமாவாசையன்று தொடலாம், ஆனால் அன்றைக்குப் பிரித்துப் படிக்க யாருக்கு நேரம்? சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அடுத்த வருடம் அதன் மேலேயே இன்னொரு சந்தனம். பவானி கூடுதுறையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்ததும் கிட்டுசாமி வடக்கே பார்த்து நின்று, "என்ற அய்யனைக் கொன்ன ஜெர்மனி ராசா நாசமாப் போகோணும்" என்பார். அவருடைய ஆத்தா சொல்லிக்கொடுத்த சாபம். கல்யாணமாகி வந்த வசந்தாமணியும் உளுந்து வடையை இறக்கி வைத்துவிட்டு, புருஷனைவிட ஒரு சுதி தூக்கியே சபித்தாள். ஐம்பது வருடத்துக்கு மேல், ஒரு வருடம் தவறவில்லை.

டெக்சாஸில் மகன் வீடு இருக்கும் ரிச்சர்ட்சனுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. காகிதமும் பெட்டியில் கூடவே வந்தது. கூடுதுறைக்குப் பதில் பின்பக்கப் புல்தரையில் பிளாஸ்டிக் வாளி. மற்றபடி அதே சாபம்.

இந்த நிலையில் 1999 ஜனவரியில் ஜெயபிரகாஷ் ஒரு ஜெர்மன் கார் வாங்கி நிறுத்தினான்.

"என்ற அய்யன் உசுரு போன எடத்துக்காரன் வண்டியில நான் குந்த மாட்டேன்" என்று கிட்டுசாமி அன்றே சொல்லிவிட்டார். எண்பத்து மூன்று வயதில், நடைபாதையே இல்லாத டெக்சாஸ் ரோட்டில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இந்தியன் ஸ்டோருக்கு நடந்தார். தாமரைச்செல்வி அதே காரில் பின்னாலேயே ஊர்ந்து போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"மாமா, ப்ளீஸ், ஏறுங்க. பாக்கிறவங்க என்னைத்தான் பேசுவாங்க."

"பேசட்டும் கண்ணு. நீ முன்னால போ."

பேசினார்கள். மாமனாரை வெயிலில் நடக்கவிட்டுப் பின்னாலேயே காரில் விரட்டுகிறாள் என்று பேசினார்கள்.

ஏப்ரலில் பேத்தி பிரீத்தியின் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கு நாடகம் வைத்தார்கள். முதல் உலகப் போருக்கு யார் காரணம்? ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தேசத்துக்கு வக்கீல். பிரீத்திக்குக் கிடைத்தது ஜெர்மனி.

கிட்டுசாமி சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். "என்ற ரத்தம், அவனுக்கு வக்காலத்தா?"

"அப்பாரு, ஐ டிட்ன்ட் சூஸ் இட்!" என்றாள் பிரீத்தி.

தாத்தாவும் பேத்தியும் பேச்சை நிறுத்தினார்கள். இங்கேதான் வசந்தாமணி தன் அறிவைக் காட்டினாள். வீட்டில் பழைய காகிதம் இருந்தால் கொண்டுவரச் சொல்லி டீச்சர் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. நம்மிடம்தான் சாட்சி இருக்கிறதே, அதைக் காட்டினால் பெண் வாயை மூடிக்கொள்ளும், வழக்கு புருஷன் பக்கம் ஜெயித்துவிடும் என்று கணக்குப் போட்டாள். அவர் ஸ்டோருக்கு நடந்த நேரமாகப் பார்த்துக் காகிதத்தை எடுத்தாள். எண்பது வருடச் சந்தனத்தை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்துப் பேத்தியிடம் நீட்டினாள்.

"படி கண்ணு. ஜெர்மனின்னு இருக்குதா?"

பிரீத்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நோ அப்பத்தா. இட் சேஸ் பாஸ்ரா. அங்க ஃபைட் பண்ணது டர்க்ஸ்."

"துருக்கிக்காரனா? சரி, போகுது. அவன் சுட்டானா, வெட்டினானா?"

பிரீத்தி அம்மாவைப் பார்த்தாள். தாமரைச்செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தானும் படித்தாள். முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படித்தாள்.

"அத்தை… கோவேறு கழுதை ஒதைச்சு, மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்து எறந்திருக்காருங்க."

"அப்ப அந்த ஜெர்மனி ராசா?"

"ராஜா 1941லயே செத்துட்டார் அப்பத்தா. கிரவுன் போயி, ஹாலந்துல மரம் வெட்டிட்டு இருந்தாராம்."

வசந்தாமணி கல்யாணமாகி வந்ததே அதற்கு நாலு வருடம் கழித்துத்தான். அப்படியானால் அவள் சுட்ட அத்தனை வடையும், தொண்டை கட்டக் கொடுத்த அத்தனை சாபமும் செத்துப்போன ஒரு மனிதரைத் தேடித்தான் போயிருக்கின்றன. இத்தனை வருடமும் ஒரு சாம்ராஜ்யத்தையே கவிழ்த்தவள் போல அவள் நடந்த நடை என்ன, நின்ற நிலை என்ன!

கிட்டுசாமி கறிவேப்பிலையோடு வேர்த்து விறுவிறுத்து வந்தார். சொன்னார்கள். சோபாவில் உட்கார்ந்தார். கறிவேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முன்னங்காலா, பின்னங்காலா?"

காகிதத்தில் அது இல்லை.

அன்று மாலை அவரே பேத்தியைக் கூப்பிட்டார். "சரி கண்ணு, சண்டைய ஆரு ஆரம்பிச்சது? மொதல்ல இருந்து சொல்லு." ஒரு இளவரசனை ஒருவன் சுட்டது, அதற்கு ஆஸ்திரியா செர்பியாவை மிரட்டியது, செர்பியாவுக்கு ரஷ்யா வந்தது, ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி வந்தது, ரஷ்யாவுக்கு பிரான்சு, அப்புறம் இங்கிலாந்து என்று பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னாள் பிரீத்தி.

"நம்ம மாரியம்மன் பண்டிகையில சாமிக்குப் புடிச்ச கொடை சாஞ்சதுக்கு ரெண்டு ஊரு அடிச்சுக்கிட்ட மாதிரி இருக்குது. மாமன் வந்தான், பங்காளி வந்தான். கேட்டா ஒவ்வொருத்தனும், நான் வெலக்கிவிடத்தானே வந்தேம்பான்."

"எக்ஸாக்ட்லி, அப்பாரு!"

வழக்கு நடந்து முடிந்ததும், "தீர்ப்பு என்னாச்சு?" என்று ஆவலாகக் கேட்டார்.

"நோபடி குட் அக்ரீ."

"எண்பது வருசமாச்சு, இன்னுமா?"

அதன் பிறகு நாலாம் நாள் அவர் வசந்தாமணியிடம் மட்டும் ஒன்றைச் சொன்னார். ஆத்தா சாகும்போது அவர் காதில் சொன்ன விஷயம், அதுவரை யாருக்கும் தெரியாதது. மழை தப்பிய வருடம் வீட்டில் அய்யனோடு வாய்ச்சண்டை. 'குந்தித் திங்காதே, எங்கியோ போய்த் தொலை' என்று ஆத்தாதான் கதவைச் சாத்தியிருக்கிறாள். மறுநாள் காலையில் அய்யன் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்துவிட்டார்.

"இத்தனை நாளா எனக்கு வெளங்கலை புள்ள. ராசா இல்லீன்னா ஆத்தா அந்தப் பாரத்தை எங்க எறக்கி வெக்கும்?"

"அப்ப இனி ஆரைத் திட்டறதுங்க?"

"ஆத்தாளையா, மழையையா, கழுதையையா? விடு. மொதல்ல திட்டினதை எடுக்கோணும். சொன்ன எடத்துலதான் எடுக்கோணும்."

இங்கேயே ஏரிக்கரையில் எடுத்துவிடலாம் என்று ஜெயபிரகாஷ் கெஞ்சினான். கூடுதுறையில் விட்ட சாபத்தை டெக்சாஸ் ஏரியில் எப்படி வாங்குவது என்று கேட்டார் கிட்டுசாமி. என்ஜினீயர் மகன் டிக்கெட் விலை பார்க்க உட்கார்ந்தான். வசந்தாமணிக்கு முழங்கால் மடங்காது, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது. ஆடி அமாவாசைக்கு அவர் மட்டும் போய்விட்டு, தீபாவளி முடிந்து திரும்புவது என்று முடிவாயிற்று.

இனி அந்த நாளுக்கு வருவோம். கிட்டுசாமி பெட்டியோடு வாசலைத் தாண்டினார். எதிரே அனந்தலக்ஷ்மி ஆண்ட்டி ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, ஸ்வெட்டரை விட்டுட்டுப் போறீங்களே!" என்று கத்தியபடி தாமரைச்செல்வி உள்ளேயிருந்து அதை வீசினாள். அது அவர் தோளில் வந்து விழுந்தது. துணியை எடுத்து மூஞ்சியில் எறிந்தாள் என்கிறீர்களே, அது இதுதான்.

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கத் தகட்டில் கையை வைத்தார். சூடாக இருந்திருக்க வேண்டும், எடுத்துக்கொண்டார்.

"உன்ற மேல குத்தமில்லையப்பா" என்று காரிடம் சொல்லிவிட்டு, முதல் தடவையாக ஏறி உட்கார்ந்தார். சீட் பெல்ட் மாட்டத் தெரியவில்லை. தாமரைச்செல்விதான் உள்ளே குனிந்து, அழுத்தி மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வசந்தாமணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று, எதிர்வீட்டைப் பார்த்துப் பெரிதாகக் கையை ஆட்டினாள். அங்கே தண்ணீர் செடியைத் தாண்டி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.