பிலோமினா அக்காவின் வாங்கு

பிலோமினா அக்காவின் செய்தியைக் கொண்டுவந்தவர் காசிம் நானா. களனி ஆற்றில் வள்ளம் ஓட்டுகிற மனிதர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து, படலையடியில் குடையை மடக்கிக்கொண்டு நின்றதைக் கண்டதுமே கெட்ட செய்தி என்று எனக்கு விளங்கிவிட்டது.

“எங்கட பிலோமினா நோனா போய்ட்டாங்க தங்கச்சி,” என்றார். “பூசைக்குப் போய்ட்டு வந்து கதிரயில சாஞ்சவங்க. அவ்வளவுதான். ஒங்களுக்கு இந்தச் செய்தியச் செல்லாம ஈக்க ஏலல்ல.”

உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, ரயில் நிலையத்தை நோக்கி நடந்துபோனார்.

அப்போது என் மகன் பாலனுக்குத் தொற்றுகிற குக்கல் இருமல். சனம் நிறைந்த செத்தவீட்டுக்கு அவனைக் கொண்டுபோகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. அக்காவை அறிந்த உங்களில் பலர் கொட்டாஞ்சேனையில் அவருடைய முகத்தைக் கடைசியாகப் பார்த்திருப்பீர்கள். நான் பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ, நீங்கள் எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு, ஒரு மாதம் பிந்தி, இதை எழுதுகிறேன்.

நாங்கள் கூடும் ஆற்றங்கரை நூதனசாலையை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. ஆனால் எனக்கு அதை நினைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. இரும்புப் பாலத்துக்குச் சற்றுக் கீழே, ஒல்லாந்தர் காலத்தில் கறுவாப்பட்டை சேர்த்துவைத்த கிட்டங்கி. தடித்த சுவர்கள். மழைக்கு முதல் நாள் மரத்தூண்களிலிருந்து இன்னும் கறுவா மணம் வரும். உள்ளே காட்சிக்கு வைத்த துருப்பிடித்த நங்கூரங்கள், வரைபடங்கள், ஒரு மாட்டையே நிறுக்கக்கூடிய பெரிய தராசு. வெளியே முற்றம், முற்றம் முடிகிற இடத்தில் ஆற்றுக்குள் இறங்கும் கருங்கற் படிகள். மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரங்களில் அங்கே ஊர் கூடும். ஒரு மாதம் வயலின், ஒரு மாதம் தையல் வேலைக் காட்சி, இன்னொரு மாதம் பிள்ளைகளின் நாடகம். எது நடந்தாலும் கறுவாத் தராசில் குழந்தைகளை நிறுப்பது மட்டும் தவறாது. தாய்மார் தங்கள் பிள்ளையின் நிறையை மற்றவர் காதில் விழும்படி சொல்லிக்கொள்வார்கள். முஸ்லிம் வீட்டு வட்டிலப்பத் தட்டும் கிறிஸ்தவ வீட்டுப் பட்டிஸ் தட்டும் ஒரே மேசையில் இருக்கும்.

என்னை அங்கே அனுப்பியவர் என் கணவர். கல்லூரியில் படித்தவள் நான், நீரின் அடர்த்தியைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். ஆனால் பாலன் பிறந்த நாளிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கண்டாலும் எனக்கு நெஞ்சு அடிக்கும். “நீர் இப்பிடி வீட்டுக்குள்ளேயே பொத்திப் பொத்தி வைச்சிருந்தால் பிள்ளை பொம்மையாய்ப் போவான். நீரும் போய் நாலு சனத்தோட பழகும்,” என்றார். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில், அங்கிருந்து கிராண்ட்பாஸ் டிராம், பிறகு நடை. போய்ச் சேர்ந்ததும் முற்றத்தில் ஆற்றுக்கு எதிர்மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். மூன்று வயது முடிந்த பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. அவனோ ஆற்றைக் கண்டுவிட்டுத் துள்ளுகிறான்.

பருத்த உடம்பும் பூப்போட்ட கவுணுமாக ஒரு பெண் நேரே என்னிடம் வந்தார்.

“பயமா தங்கச்சி?”

“இல்லை, இல்லை,” என்றேன்.

“எனக்குப் பயம்,” என்றார், சந்தையில் விலை கேட்கிற குரலில். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நீந்தத் தெரியாது. தண்ணியைக் கண்டா கால் நடுங்கும். அந்தா அந்த வாங்கில இருக்கிற எல்லாருக்கும் பயம்தான். வா, உனக்கும் இடமிருக்கு.”

ஆற்றுப்படிகளின் தலைப்பில், இறங்கும் வழியை முழுவதும் அடைத்தபடி நாலைந்து பேர் சேர்ந்து உட்காரக்கூடிய ஒரு நீள மர வாங்கு போட்டிருந்தது. அதுதான் அக்கா கண்டுபிடித்த முறை. கூட்டங்களின் செயலாளராக வந்த நாளிலிருந்து, முற்றத்தில் யார் அதிகமாகப் பயந்துபோய் நிற்கிறார் என்று தேடிப் பிடித்து அந்த வாங்கில் இருத்துவார். ஆற்றுக்கு முதுகு, முற்றத்துக்கு முகம். படிப்பக்கம் ஓடிவரும் எந்தப் பிள்ளையும் அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். “துணிஞ்ச ஆக்களைக் காவலுக்கு வைச்சா அவங்க கதைச்சுக்கொண்டு நிப்பாங்க,” என்பார். “பயந்தவ கண்ணை எடுக்கமாட்டா.”

நான் போய் இருந்தேன். ஒரு பக்கத்தில் பல்லில்லாத ஒரு பெரியவர், மறுபக்கத்தில் புதிதாகக் கலியாணமான ஒரு முஸ்லிம் பெண். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. எல்லார் கண்ணும் பிள்ளைகள்மேல். கொஞ்ச நேரத்தில் பாலனை இறக்கிவிட்டேன். வீட்டில் ஒளித்து வைத்திருந்த பயத்துக்கு இங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது.

காசிம் நானாவுக்கு அந்த வாங்கு பெரிய பகிடி. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வள்ளத்தில் ஏற்றி ஒரு சுற்றுக் காட்டுவது அவர் வழக்கம். படிகளுக்குச் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் இருந்த, வள்ளம் கட்டும் துறையிலிருந்து அவர் கத்துவார்: “ஆத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஆத்துக்குப் பயமாம்! எந்த ஊர்ப் பயம் நோனா இது?”

“ஆறு தன்ட பாட்டில ஓடும் நானா. குறுக்க ஓடுறது பிள்ளைகள்தான்,” என்பார் அக்கா, திரும்பாமலே.

ஒருமுறை குழுப்படம் எடுக்க வந்தவர், ஆறு நன்றாக விழவேண்டும் என்று வாங்கை நகர்த்தச் சொன்னார். கூட்டங்களுக்குத் தலைவராக இருந்த வழக்கறிஞர், புறக்டர் ஐயாவும் தலையாட்டினார். “உங்கட பெட்டியை நகர்த்துங்க தம்பி, அதுக்குக் கால் இருக்குத்தானே,” என்றார் அக்கா. வாங்கு அசையவில்லை. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. தலைவரும் விருந்தாளிகளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே பார்க்கிறார்கள். பின்னால் வாங்கில் இருக்கும் நாங்கள் ஒருவர்கூடப் படப்பெட்டியைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரு பக்கமாக, படத்துக்கு வெளியே எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அக்காவின் காதும் கொண்டையும்தான் தெரிகிறது. அவருடைய படம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

உலக யுத்தம் முடிந்த பிறகு வந்த மழைக்காலத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று பிள்ளைகளின் நாடகம். பாலன் மீன்காரன். கரியால் மீசை வரைந்து, சின்னத் தலைப்பாகையும் கட்டி, இரண்டு வரி வசனத்தை ஒரு கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்தான். கொழும்பில் மழை இல்லை, மலைப்பக்கம் பெய்திருக்கவேண்டும். ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. திரை தூக்கப் போகிற நேரத்தில் அக்கா திரும்பிப் பார்த்தார். நாங்கள் வந்தபோது தெரிந்த ஒரு படி இப்போது தெரியவில்லை.

எழுந்தார். “எல்லாரும் வீட்டுக்குப் போங்க,” என்றார்.

புறக்டர் ஐயாவுக்கு முகம் சிவந்தது. “என்ன விசர்க்கதை இது? இன்னும் எத்தனை படி இருக்கு!”

“இந்த ஆத்த நான் அறிவன் நோனா,” என்றார் காசிம் நானா. “இது இதுக்கு மேல ஏறாது.”

“ஏறாட்டி நல்லதுதானே. எனக்குப் பயமாயிருக்கு. பயத்தோட நான் இங்க ஒரு பிள்ளையையும் வைச்சிருக்க மாட்டன்.”

வாங்கில் இருந்தவர்கள் எழும்பிப் பிள்ளைகளைக் கூட்டத் தொடங்கினோம். தாய்மார் திட்டினார்கள். பட்டிஸ் எல்லாம் துணியில் கட்டப்பட்டது. டிராமில் பாலன் மீசை கரைந்து வழிய அழுதான். பக்கத்தில் இருந்தவர்கள் நான் அடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஆறு ஏறவில்லை. விடிவதற்குள் வடிந்துவிட்டது. காசிம் நானா சொன்னதுதான் சரி.

அடுத்த மாதம் அங்கே போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்காவை எப்படிப் பார்ப்பது? என் பயங்கள் எல்லாம் இப்படித்தான் முடியும். காய்ச்சல் என்று டாக்டரிடம் ஓடினால் பல் முளைத்திருக்கும். காணவில்லை என்று தெருவெல்லாம் கூப்பிட்டால் கட்டிலுக்குக் கீழே இருப்பான். ஒவ்வொரு முறையும் கணவரின் சிரிப்புக்கு முன்னால் குன்றிப்போவேன். அக்காவும் அன்று அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வாசலிலேயே காசிம் நானா பிடித்துக்கொண்டார். “நோனா, இண்டைக்கு எத்தன மணிக்கு வெள்ளம்? செல்லுங்க, அதுக்கு முந்தி நான் சாப்பிடோணும்!” முற்றம் முழுவதும் சிரித்தது. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் பிலோமினா அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“பயம் வீணாய்ப் போனா அதைவிட நல்லது என்ன இருக்கு?” என்றார். “ஒருத்தரும் குறையாம வந்து நிண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறீங்க. இதுக்குத்தானே நான் பயந்தனான்!”

பிறகு நாடகக்காரப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அன்றைய நிகழ்ச்சியில் இல்லாதபோதும், வயலின்காரரைக் காக்கவைத்துவிட்டு முழு நாடகத்தையும் போடவைத்தார். பாலன் தன் இரண்டு வரியையும் நான்கு தரம் சொன்னான்.

ஆனால் வள்ள விஷயத்தில் அக்கா எனக்கு உதவவில்லை. காசிம் நானாவின் வள்ளத்தில் ஏறவேண்டும் என்று பாலன் ஒவ்வொரு மாதமும் கேட்பான். ஒவ்வொரு மாதமும் ஒரு பொய் சொல்வேன்: இருமல், வெயில், நேரமாகிவிட்டது. தன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், ஒருநாள், “அம்மா, காசிம் நானா கெட்ட ஆளா?” என்று கேட்டான். என் பொய்கள் அவனை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கின்றன என்று திடுக்கிட்டு அக்காவிடம் ஓடினேன். விடலாமா, வேண்டாமா என்று அவரே சொல்லட்டும்.

“நான் சொன்னா அது என்ட பயம் பிள்ளை,” என்றார். “நான் சாகுமட்டும் அதில ஏறமாட்டன். உன்ட பயம் உன்னை எவ்வளவு தூரம் விடும் எண்டு நீதான் பார்க்கோணும். ஆனா அவனுக்குப் பொய் சொல்லாதை. பயமெண்டா பயமெண்டு சொல்லு.”

நாங்கள் இருவரும் கதைத்த கடைசிக் கதை அதுதான். அடுத்த முதல் ஞாயிறுக்கு அவர் இருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மறுபடி நடந்தது. பாலனின் இருமல் நின்றுவிட்டது. போனோம். வாங்கு வழக்கமான இடத்தில் கிடந்தது. யாரும் சொல்லாமலே ஆட்கள் வந்து இருந்தார்கள். பாலன் துறைப்பக்கம் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இந்த முறை அவன் கேட்கவில்லை. கேட்பதை விட்டுவிட்டான் என்று தெரிந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். அங்கே பத்துப் பேராவது நின்றார்கள்.

“நானா,” என்றேன், “எனக்குப் பயமாயிருக்கு. நல்லாப் பயமாயிருக்கு. கரையோட போங்க. எழும்பி நிக்க விடாதேங்க. நான் இங்கயே நிண்டு பார்த்துக்கொண்டிருப்பன்.”

காசிம் நானா பகிடி விடவில்லை. “சரி தங்கச்சி,” என்றார். பாலனைத் தூக்கி நடுப்பலகையில் இருத்திவிட்டு, தன் ஒரு காலை அவன் முன்னால் குறுக்கே நீட்டிக்கொண்டார். பாலன், “அம்மாக்குப் பயம்,” என்று பக்கத்துப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தினான், அம்மாவின் ஊர் எது என்று சொல்வதைப்போலச் சாதாரணமாக.

பிலோமினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது துணிச்சல் அல்ல; அது அவரிடமும் இருக்கவில்லை. பயத்தை உரத்துச் சொல்லும் அந்தக் குரலைத்தான் வைத்துக்கொண்டேன். அதைச் சொன்ன பிறகுதான், என் பிள்ளை தண்ணீர்மேல் போவதைக் கண்ணை மூடாமல் பார்க்க என்னால் முடிந்தது.